அதிராத வண்டியானால் ஓட்டட்டும்

டாக்டர் அதை வேடிக்கைக்காகத்தான் சொன்னார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மாமல்லபுரத்தில் கல் வேலை. கல்யாணமான நாளிலிருந்து காலையில் செங்கல்பட்டிலிருந்து கிளம்பிப் போவார், சாயங்காலம் புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசியோடு திரும்பி வருவார். உளி பிடித்த நேரத்தைவிட கட்டிங் மிஷின் பிடித்த நேரம்தான் அதிகம். வருஷக்கணக்கில் அந்த மிஷினின் அதிர்வு கைக்குள் இறங்கி விரல் நரம்பைக் கெடுத்துவிட்டது. முதலில் மார்கழிக் குளிரில் விரல் நுனி வெளுத்தது. அப்புறம் வெயில் காலத்திலும் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் போட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கருங்கல்லைக் கையால் தடவியே உள்ளே விரிசல் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய மனுஷன். பட்டறையில் புதுக் கல் இறங்கினால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கைக்கா இப்படி வரவேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாததால் எல்லார்மேலும் பட்டேன்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மிஷினை விட்டுவிட வேண்டும், அதிர்கிற எதையும் பிடிக்கக் கூடாது என்றார். விட்டால் இருக்கிற உணர்ச்சி தங்கும், போனதில் கொஞ்சம் திரும்பி வந்தாலும் வரும். விடாவிட்டால் விரல் இருக்கும், தொட்டால் தெரியாது.

"வண்டி ஓட்டலாமா சார்?" என்று கேட்டார் இவர். அங்கே அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

என்ன வண்டி என்று டாக்டர் விசாரித்தார். இவர் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதிராத வண்டியானா ஓட்டட்டும்மா," என்றார் என்னைப் பார்த்து. "அந்த வண்டியாவது, அதிராம இருக்கிறதாவது."

அந்த வண்டி எங்கள் இருவரையும்விட வயதில் பெரியது. முந்நூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மாட்டுக் கொட்டகை ஒன்றில் பெட்ரோல் டாங்குக்கு அடியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த கோலத்தில் அதைப் பார்த்து, அவரே மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ராட்டினங்கிணறு பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டார். இவரை அண்ணாத்த என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுகிறவர் அந்த மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரர், ஆனால் ரோஷக்காரர். இரண்டு பேருமாக ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பிடித்து வண்டியை முதலிலிருந்து கட்டினார்கள். பாதி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரிடம் போனோம்.

மிஷினை அன்றோடு விட்டார். இப்போதும் பட்டறைக்குப் போகிறார். மற்றவர்கள் வெட்டுவதற்குக் கோடு போட்டுக் கொடுக்கிறார். கல் வந்தால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துச் சொல்கிறார். தடவிப் பார்ப்பதில்லை. பேச்சு குறைந்துவிட்டது. வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார், அதுவும் நானாகக் கேட்டால்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் வண்டி தயாராகி வந்தது. பெயின்ட் மின்ன, டாங்கில் சந்தனப் பொட்டோடு வாசலில் நின்றது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமல்லபுரத்துக்குக் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்த எனக்கே கால் பலகையில் குறுகுறுவென்று இருந்தது. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். இறங்கியவர் ஹெல்மெட் பட்டையைக் கழற்றப் பார்த்தார், கழற்ற வரவில்லை. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் கழற்றிவிட்டேன்.

எனக்குத் தையல் கடை. என் கைப்பையில் எப்போதும் நாலைந்து பட்டன் கிடக்கும். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் என்னென்னவோ வைத்துப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, வீட்டில் நான் அதைப் பட்டனில் செய்துகொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பட்டனை வைப்பேன். அது இரண்டு ஓட்டையா நாலு ஓட்டையா என்று அவர் சொல்ல வேண்டும். மிஷினை விட்ட பிறகு பெரும்பாலும் சரியாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அன்றைக்கும் சாலையோரத்தில் நிற்க வைத்து, கண்ணை மூடுங்கள் என்றேன். மூடினார். விரலிடுக்கில் பட்டனை வைத்தேன்.

"குடு," என்றார்.

பட்டன் அவர் விரலில்தான் இருந்தது.

நான் எதையும் கொடுக்காததும் கண்ணைத் திறந்து பார்த்தார். பட்டனை என் கையில் கொடுத்துவிட்டு, "வித்துடலாம்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது முப்பதுக்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பதில் ஒரு சௌகரியம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

வாங்குவதற்கு ஆளும் கிடைத்துவிட்டது. ஈசிஆரில் ரிசார்ட் நடத்தும் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. வரவேற்பறையில் நிறுத்தப் போகிறார்களாம். இன்ஜின் எதற்கு, எண்ணெய் ஒழுகாமல் இருந்தால் போதும் என்றார். சீட்டில் ஒரு தொட்டி, பின்னால் ஒரு தொட்டி, இரண்டிலும் செடி. போட்டோகூட எடுத்துக்கொண்டார். மாசக் கடைசியில் மினி லாரி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்கு அவர் யோவ், இல்லாவிட்டால் இன்னாங்க. அன்றைக்கு யோவ்.

"யோவ், இன்னா தலையாட்டிகினு நிக்கிற? கல்லுதான் போச்சு, இதுவும் போவணுமா?"

"டாக்டர் சொன்னத கேட்டல்ல?"

"கேட்டேன். அதிராத வண்டியானா ஓட்டட்டும்னாரு. ஓட்டக்கூடாதுன்னு சொல்லல."

"அது கிண்டலுக்குச் சொன்னது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. லாரி வர்றதுக்குள்ள அது ஏன் அதிருதுன்னு கண்டுபுடிக்கிறேன். அப்புறம் நீ தொட்டி வெச்சிக்கோ, கோழி வெச்சிக்கோ."

அவர் சிரித்தாரா என்று நான் நின்று பார்க்கவில்லை. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன் மெக்கானிக் பட்டறை வாசலில் நின்றேன்.

"ஒத்த சிலிண்டர் வண்டிக்கா," என்றார் மெக்கானிக். "கொஞ்சம் அதிரத்தான் செய்யும்."

"இது கொஞ்சமா? பட்டன் கையில இருக்கறது தெர்ல அவருக்கு."

பட்டன் விஷயம் அதுவரை அவருக்குத் தெரியாது. என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்தார்.

முதலில் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து எங்கே அதிர்கிறது என்று கை வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. கொளவாய் ஏரி ஓரமாக இரண்டு ரவுண்டு போனோம். கடைக்குத் திரும்புவதற்குள் டெய்லர் அக்கா மெக்கானிக்கோடு ஏரிக்கரையில் சுற்றுகிறாள் என்று தெரு முழுக்கச் செய்தி வந்திருந்தது. சரி, இனிமேல் நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கம். இதில் கிக்கரை மிதிக்கக் கற்றுக்கொள்வதற்குள் முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்துவிட்டது. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து ஒரு இளநீர் வண்டிக்காரரிடம் திட்டும் வாங்கினேன். வாங்கிக்கொண்டேன், என்ன செய்வது.

ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நின்ற இடத்தில் வண்டி சாதுவாக டப் டப் என்று அடித்துக்கொண்டிருக்கும். நாற்பதைத் தாண்டினால் ஹாண்டில்பாரில் குறுகுறுப்பு ஆரம்பிக்கும். ஐம்பதில் அது முழங்கை வரைக்கும் ஏறும். சக்கரமோ டயரோ கோணலாக இருந்தாலும் அப்படி வரலாம், ஐம்பதில் போகும்போது கிளட்சைப் பிடித்துப் பாருங்கள் என்று மெக்கானிக் சொல்லிக் கொடுத்தார். பிடித்தேன். இன்ஜின் சத்தம் இறங்கியது, வண்டி அதே வேகத்தில் உருண்டது, கையில் ஒன்றுமே இல்லை. கிளட்சை விட்டதும் மறுபடியும் வந்துவிட்டது. ஆக, சக்கரத்தின் மேல் பழி இல்லை. இன்ஜின் ஓடும் வேகத்தைப் பொறுத்துத்தான் வருகிறது.

அடுத்தது வண்டியைப் பட்டறையில் ஸ்டாண்டில் நிறுத்திவைத்துச் செய்தது. கடையிலிருந்து என் குண்டூசி டப்பாவைக் கொண்டுபோய், மூடியைத் திறந்து டாங்கின் மேல் வைத்தேன். மெக்கானிக் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஊசிகள் முதலில் சும்மா கிடந்தன. ஒரு குறிப்பிட்ட சத்தம் வந்ததும் எல்லாம் எழுந்து ஆட ஆரம்பித்தன, ஒன்றிரண்டு வெளியிலேயே குதித்தன. அதற்கு மேல் முறுக்கினால் கொஞ்சம் அடங்கின. அந்த ஒரு இடம்தான் கெட்ட இடம். சாலையில் ஐம்பதில் போகும்போது இன்ஜின் அதே சத்தம்தான் போடும்.

முதலில் கார்புரேட்டரைக் கழுவி மாட்டினார். ஊசி ஆடியது. ஸ்பார்க் முன்னாடியே விழுகிறதோ என்று டைமிங்கைத் திருத்தினார். ஸ்டார்ட் ஆவது சுலபமானது, சத்தம்கூட இதமாக இருந்தது. ஊசி அப்படியேதான் ஆடியது. சைலன்சர் உரசுகிறதா என்று அதையும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு இழுத்துப் பார்த்தார், ஒன்றுகூட அசையவில்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கிராங்க்தான்க்கா. உள்ள பேலன்ஸ் போயிட்டிருக்கும். இன்ஜின பிரிச்சாத்தான் தெரியும்."

"பிரிச்சா மறுபடி மாட்டறதுக்கு எத்தினி நாளாவும்?"

"லேத்துக்குப் போய் வரணும். பொங்கல் தாண்டிடும்."

"அதுக்குள்ள லாரி வந்துடும்."

"அதுக்கு நான் இன்னாக்கா பண்றது?"

"வேற எதுனா இருக்கும். நல்லா பாரு."

அவர் முகம் மாறிவிட்டது. "இது ஜாக்கெட் தைக்கிறது இல்லக்கா," என்றார்.

"ஜாக்கெட்டு தைச்சி பாரு, தெரியும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கடையில் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தும் கோபம் அடங்கவில்லை. என்னுடையது மோட்டார் வைத்த தையல் மிஷின். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதுவும் இப்படித்தான் செய்தது. மெதுவாகத் தைத்தால் ஒன்றுமில்லை, வேகம் பிடித்தால் பலகையே நடுங்கித் தையல் கோணிக்கொண்டு போனது. மோட்டார் சரிபார்க்க வந்த ஆள் மோட்டாரைப் பிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னான். கடைசியில் பார்த்தால் ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியிலிருந்த ரப்பர் விழுந்துபோயிருந்தது. காலுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி. ஆடாமல் இருக்கட்டும் என்று யாரோ அந்தக் காலை ஸ்க்ரூ போட்டு முறுக்கி முறுக்கித் தரையோடு இழுத்து வைத்திருந்தார்கள். காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். ஆனால் ஸ்டாண்டு முழுக்க ஒரு பக்கமாக இழுபட்டு விறைத்திருந்தது. ரப்பரை வைத்து முறுக்கைத் தளர்த்தியதும் நடுக்கம் போய்விட்டது.

மிஷினில் கால் வைத்தபடியே இதை நினைத்தேன். இறுக்கமாக இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றில்லையே. எல்லா போல்ட்டும் இறுக்கமாக இருக்கிறது என்று பார்த்தோம். தளர்த்தினால் என்ன ஆகிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

அன்று வேலை முடித்துச் சீக்கிரமே திரும்பிய இவரை வாசலிலேயே மறித்தேன். "இன்னாங்க, கிளம்புங்க." எதற்கு என்றார். வண்டி பிரச்சினை ஆரம்பித்ததிலிருந்து அவர் மெக்கானிக் பட்டறைப் பக்கமே வரவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லையாம். பிடிக்காவிட்டாலும் வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மெக்கானிக் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். காலையில் பேசியதை இருவருமே எடுக்கவில்லை. தையல் மிஷின் சமாசாரத்தைச் சொன்னேன். பாதியிலேயே அவர் தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார். நான் முடிப்பதற்குள் ஸ்பேனர் கையில் இருந்தது.

இன்ஜின் சேஸோடு சேரும் இடங்களில் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திக்கொண்டே வந்தார். மேலே இருக்கிறது அமைதியாகக் கழன்றது. முன்னால் இருக்கிறதும் அப்படித்தான். பின்பக்கம் அடியில் ஒரு நீளமான போல்ட்டு, இன்ஜினுக்குக் குறுக்கே போகிறது. அதன் நட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போதே டக் என்று ஒரு சத்தம். இன்ஜினை ஒட்டி நின்ற சேஸ் தகடு தானாக விலகிப் பழைய இடத்துக்குப் போய் நின்றது. இத்தனை நாளும் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது போலிருக்கிறது. இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவில் இப்போது சுண்டுவிரல் நுழைகிற இடம் தெரிந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

மெக்கானிக் மெதுவாக, "இங்க ஒரு ஸ்பேசர் வரணும்," என்றார். "கெட்டியா, குட்டையா ஒரு பைப்பு. அது இல்லாமலே முறுக்கி இஸ்துட்டுக்கிறேன். நட்டு டைட்டாச்சு, நானும் சரின்னு உட்டுட்டேன்."

"பழைய வண்டியில இருந்துதா?"

"இருந்துச்சுக்கா. கழட்டனது நான்தானே. எல்லாத்தையும் மண்ணெண்ணெயில கழுவி வெச்சேன். தொலைச்சிருக்க மாட்டேன்."

தேடினோம். டப்பா டப்பாவாகக் கொட்டினோம். பெஞ்சுக்கு அடியில், பழைய டயருக்குள், கிழிந்த சாக்குக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. அந்தக் காலத்துச் சாமான், கடையில் கேட்டால் கிடைக்காது. லேத்தில் செய்யலாம் என்றால் எந்த நீளத்துக்கு என்று தெரிய வேண்டும். ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி இதே கதைதான். எனக்கு அழலாமா யாரையாவது அடிக்கலாமா என்று இருந்தது.

இவர் மட்டும் தேடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இரும்பின்மேல் வட்டமாக ஒரு தடம் இருந்தது, இத்தனை வருஷம் அங்கே அழுத்திக்கொண்டிருந்த பைப்பின் தடம். அவர் கை மட்டும்தான் கெட்டது, கண் கெடவில்லை. வட்டத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கிப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்று, "தம்பி, அது இன்னாது?" என்று கைகாட்டினார்.

அவர் காட்டியது சாமி படம் வைத்திருந்த பலகையை. படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. ஊதுவத்தி செருகியிருந்தது குட்டையான ஒரு இரும்புப் பைப்பில். சாம்பல் படிந்து கறுப்பாகியிருந்தது.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆயுத பூஜை அன்றைக்கு இன்ஜின் இன்னும் சேஸில் ஏறாமல் தனியாகக் கிடந்திருக்கிறது. கழுவின சாமானையெல்லாம் ஸ்பேனர், சுத்தியலோடு வாழை இலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை போட்டுப் பூஜை செய்திருக்கிறார். ஊதுவத்தி ஸ்டாண்டு உடைந்துபோயிருந்ததால் கைக்கு வந்ததை எடுத்து நிறுத்தி அதில் ஊதுவத்தியைச் செருகியிருக்கிறார். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து இலையில் இருந்த சாமானையெல்லாம் எடுத்து வேலையைத் தொடங்கியாயிற்று. இலையில் இருந்ததைத்தான் எடுத்தார்கள். சாமிக்கு முன்னால் நின்றது சாமியுடைய பொருள். அதை யார் எடுப்பார்கள்? அன்றிலிருந்து தினம் காலையிலும் சாயங்காலமும் அதில்தான் ஊதுவத்தி ஏற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். நானும் வந்த நாளெல்லாம், அதிர்வு எங்கே என்று காட்டு சாமி என்று அதற்கு எதிரில் நின்றுதான் கும்பிட்டேன். சாமி காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

முதலில் சிரித்தது இவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மெக்கானிக்குக்குத்தான் தயக்கம். "சாமிக்கு வெச்சத எட்த்து வண்டியில மாட்டறதாக்கா?"

"சாமிக்கு வாழப்பழத்துல குத்து. ஊரே அப்பிடித்தான் குத்துது." பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து நானே பழம் வாங்கிவந்து, ஊதுவத்தியைப் பிடுங்கிப் பழத்தில் செருகினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு பைப்பை எடுத்துக் கொடுத்தேன். சூடாக இருந்தது.

மெக்கானிக் சாம்பலைத் துடைத்து, இடத்தில் வைத்தார். அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது. போல்ட்டுகளை மறுபடி வரிசையாக முறுக்கினார். குண்டூசி டப்பாவை டாங்கில் வைத்தேன். ஆக்சிலேட்டர் ஏற ஏற நான் குனிந்து ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கெட்ட சத்தம் வந்தது. ஊசிகள் சிலிர்த்துக்கொண்டன. ஆடவில்லை, குதிக்கவில்லை. ஆனால் சிலிர்த்தன.

"இவ்ளோதான்க்கா," என்றார் மெக்கானிக். "இதுக்கு மேல கொறையாது. ஒத்த சிலிண்டர்."

இது போதுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊசிக்குப் போதும், கைக்குப் போதுமா? மறுநாள் மதியம் லாரி வருகிறது.

காலையில் இவரும் நானும் கிளம்பிவிட்டோம். கைக்கு உறை போட்டுக்கொள்ளச் சொன்னேன், போட்டுக்கொண்டார். ஐம்பதில் சீராகப் போய்க்கொண்டிருந்தார். என் கால் பலகையில் குறுகுறுப்பு ஏறக்குறைய இல்லை, ஆனால் என் காலை வைத்து அவர் கையை எப்படிக் கணக்குப் போடுவது? போன தடவை நிறுத்திய இடம் வந்தது. நிறுத்தவில்லை. திருக்கழுக்குன்றம் கோபுரம் தெரிந்தது, பின்னால் போனது. கை எப்படி இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் யோசிப்பார், யோசித்தால் மரத்துவிடும் என்று ஏதோ ஒரு பயம். வாயை மூடிக்கொண்டு அவர் தோளைப் பிடித்திருந்தேன். மாமல்லபுரத்துக்குள் நுழைந்ததும் இருபக்கமும் கல் பட்டறைகளில் மிஷின் சத்தம். வழக்கமாக அந்த இடத்தில் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அன்று நேராகக் கடற்கரைக்கு விட்டார்.

வலைகள் காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறங்கினார். உறையைக் கழற்றினார். ஹெல்மெட் பட்டையை அவரே கழற்றினார், கொஞ்சம் தடுமாறித்தான். விரல் நுனி வெளுத்திருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"இன்னாங்க. கண்ண மூடுங்க."

மூடினார். பையில் கைவிட்டு, எது வந்ததோ அதை நானும் பார்க்காமலே எடுத்து விரலிடுக்கில் வைத்தேன்.

விரல்கள் பட்டனை ஒரு தரம் உருட்டின, திருப்பின. நெற்றியைச் சுருக்கினார். அவ்வளவுதான், முடிந்தது, லாரியை வரச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"ரெண்டு ஓட்ட," என்றார்.

கண்ணைத் திறக்கவில்லை. விரல் இன்னும் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஆனா ஒரு பக்கம் லேசா விரிசல் விட்டிருக்குது. இத்த எந்தச் சட்டைக்கும் போட்டுடாத. துணி மாட்டிக்கும்."

பட்டனைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு ஓட்டை. ஓரம் நன்றாகத்தான் இருந்தது. வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தேன், ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கீறல் ஓரத்தில் ஓடியது. எத்தனை நாளாக அது என் பையிலேயே கிடந்ததோ. நான் பார்த்ததே இல்லை.

அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். வலை சரிசெய்துகொண்டிருந்த அம்மா எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். இவர் என் கையிலிருந்த போனை வாங்கி, தானே எண்ணை அழுத்தினார். "லாரி அனுப்பாதீங்க சார். தொட்டி வெக்கறதுக்கு வேற எதுனா பாருங்க."

எந்தச் சட்டைக்கும் போடாதே என்றுதான் சொல்லியிருந்தார். மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பட்டனை அவர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையிலேயே, மேலிருந்து இரண்டாவதாக வைத்துத் தைத்தேன். தினமும் அதை அவரே போட்டுக்கொள்கிறார்.